ஞாயிறு ரெண்டு மணி நேரத்துல அஞ்சு பேருக்கு ஒரு வாரச் சமையல்: எதைச் சமைச்சு வைக்கிறது, எதை அன்னன்னைக்குச் செய்றது?

செங்காங்வாசி கேட்டது:

சிங்கப்பூர்ல இருக்கோம், வீட்டுல அஞ்சு பேர். நாங்க ரெண்டு பேரும் வேலை, வீடு திரும்ப ஏழாகும். பிள்ளைங்க ரெண்டு பேர், ஒருத்தர் தொடக்கநிலை மூணாம் வகுப்பு, இன்னொருத்தர் உயர்நிலை ஒண்ணாம் வகுப்பு. காலையில ஆறேகாலுக்கு டப்பா கட்டி முடிஞ்சிருக்கணும். மாமியார் செவ்வாய், வெள்ளி சைவம். ஞாயிறு ஈரச்சந்தைக்கு, அதாவது காய், மீன் விக்கிற சந்தைக்குப் போய் வந்ததும் ரெண்டு, ரெண்டரை மணி நேரம் அடுப்படியில நிற்கலாம். வார நாள்ல அரை மணி நேரம்தான். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு அடுப்படி, ரெண்டு பர்னர், 5 லிட்டர் குக்கர், சாதாரண ரெண்டு கதவு ஃப்ரிட்ஜ்.

இப்போ சாம்பார், கோழிக்குழம்பு, ரெண்டு பொரியல் எல்லாத்தையும் ஞாயித்துக்கிழமையே பெரிய சட்டியில சமைச்சிடுறோம். புதன்கிழமை சாம்பார் நுரைச்சிடுது. ஃப்ரீசர்ல வச்ச குழம்புல உருளைக்கிழங்கு மணல் மாதிரி ஆயிடுது. இட்லி மாவு மூணாம் நாளே புளிச்சுப் போகுது. ஒரே குழம்பை மூணு நாள் பார்த்தா பிள்ளைங்களும் தட்டைத் தள்ளி வைக்கிறாங்க.

எங்கே தப்பு? அனுபவம் உள்ளவங்க அளவோட சொன்னா உதவியா இருக்கும்.

---

தாளிப்பு:

குழம்பாகவே சமைத்து வைப்பதில்தான் தப்பு தொடங்குகிறது. புளி, உப்பு, காய், தாளிப்பு எல்லாம் சேர்ந்துவிட்ட சாம்பார் வெள்ளிக்கிழமை வரை சாம்பாராகத்தான் இருக்கும். வெறும் வெந்த பருப்பு அப்படியில்லை. திங்கள் சாம்பார், செவ்வாய் ரசம், வெள்ளி கூட்டு என்று எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். ஞாயிறு நான்கு அடிப்படைப் பொருள்களை மட்டும் செய்து வையுங்கள்: பருப்பு, வெங்காயத் தக்காளி மசாலா, புளிக்கரைசல், தேங்காய்த் துருவல். மிச்சம் எல்லாம் அன்றன்றைக்கு.

பருப்பு: துவரம்பருப்பு 400 கிராம், ஏறத்தாழ இரண்டு கப். கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து ஆறு கப் தண்ணீர், அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு நடுத்தரத் தீயில் நான்கு விசில். பருப்பு வேகும்போது குக்கரில் பாதிக்கு மேல் எதுவும் இருக்கக்கூடாது. 5 லிட்டருக்கு இந்த அளவு சரியாக இருக்கும். புளியோ தக்காளியோ சேர்க்காதீர்கள். புளிப்பு பட்டால் பருப்பு எத்தனை விசில் விட்டாலும் குழையாது. வெந்ததை மூன்று டப்பாவில் பிரித்து, ஒன்றைக் கீழே ஃப்ரிட்ஜிலும் இரண்டை ஃப்ரீசரிலும் வைக்கவும். ஒரு டப்பா, ஐந்து பேருக்கு ஒரு வேளை.

மசாலா: பெரிய வெங்காயம் 1 கிலோ, தக்காளி 750 கிராம், இஞ்சி பூண்டு விழுது 100 கிராம், எண்ணெய் 120 மில்லி, உப்பு ஒரு தேக்கரண்டி. வெங்காயத்தை உப்போடு வதக்கினால் சீக்கிரம் தண்ணீர் விடும். நடுத்தரத் தீயில் இருபது நிமிடம், பொன்னிறம் தாண்டிப் பழுப்பு ஏறத் தொடங்கும்வரை. பிறகு விழுதைச் சேர்த்து மூன்று நிமிடம். அதன் பிறகு அரைத்த தக்காளி. ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டியால் கோடு கிழித்தால் கோடு மூடாமல் நிற்கும் பதம் வர இன்னும் பதினைந்து நிமிடம் ஆகும். அந்தப் பதம் வராமல் இறக்கினால் ஈரம் தங்கி ஃப்ரீசரில் பனிக்கட்டி படியும். உருக்கும்போது நீர்த்துப் போகும். மிளகாய்த்தூள், மல்லித்தூள் இப்போது வேண்டாம். ஆறியதும் 150 கிராம் வீதம் ஆறு ஸிப் பைகளில் போட்டு, கையால் தட்டி அப்பளம்போலப் பரப்பி, படுக்கப்போட்டு உறைய வையுங்கள். தட்டையாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் உருகும். உருண்டையாகப் போட்டால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

புளி: 100 கிராம் புளியை 300 மில்லி வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஐஸ் தட்டில் ஊற்றுங்கள். ஒரு குழி 30 மில்லி பிடித்தால் ஒரு கட்டி நெல்லிக்காய் அளவு புளிக்குச் சமம். உங்கள் தட்டின் குழி எவ்வளவு பிடிக்கிறது என்று ஒருமுறை தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். ரசத்துக்கு ஒன்று, சாம்பாருக்கு இரண்டு, காரக்குழம்புக்கு மூன்று.

தேங்காயைச் சந்தையிலேயே துருவித் தருகிறார்கள். வந்தவுடன் 100 கிராம் வீதம் பைகளில் பரப்பி ஃப்ரீசரில் தள்ளிவிடுங்கள். வெயிலில் கைப்பையில் இரண்டு மணி நேரம் சுற்றினாலே துருவலுக்கு வாடை வந்துவிடும், அதனால் தேக்கா சந்தையில் மற்றதெல்லாம் வாங்கி முடித்துவிட்டுக் கடைசியாகத் தேங்காய்க் கடைக்குப் போங்கள்.

ஞாயிறு அடுப்பு வரிசை இப்படி: முதலில் பருப்பும் புளியும் ஊறட்டும். ஒரு பர்னரில் மசாலா ஏறும். அதை நகர்த்த வேண்டாம், நாற்பது நிமிடம் அங்கேயே. அடுத்த பர்னரில் குக்கர், முதலில் பருப்பு, அது இறங்கியதும் கொண்டைக்கடலை 250 கிராம். மசாலா கிண்டிக்கொண்டே கீரை ஆயலாம், பீன்ஸ் நறுக்கலாம். கடலையை இரவெல்லாம் மேசைமேல் ஊறவைத்தால் நம் ஊர்ச் சூட்டில் காலையில் நுரை கட்டி நாறும். ஃப்ரிட்ஜில் வைத்து ஊறவிடுங்கள்.

திங்கள் மாலை சாம்பாருக்கு இருபது நிமிடம் போதும். முருங்கைக்காய், கேரட்டை முக்கால் வேக்காடு வேகவிட்டு, சாம்பார்ப்பொடி ஒன்றரை மேசைக்கரண்டி, பிறகு புளிக்கட்டி இரண்டு. புளியை முதலிலேயே போட்டால் காய் விறைத்து நிற்கும். புளி வாசம் அடங்கியதும் பருப்பு டப்பா, மூன்று நிமிடக் கொதி, தாளிப்பு. கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் அப்போதுதான் விழுகிறது என்பதால் பழைய வாடையே இருக்காது.

---

கல்லுரல்:

மாவுக்கு மட்டும் நான் பதில் சொல்றேன்.

ஊர்ல மார்கழியில பன்னிரண்டு மணி நேரம் பொங்க வச்ச பழக்கத்தை இங்கே பின்பற்றினா புளிக்கத்தான் செய்யும். நம்ம அடுப்படி ராத்திரியிலும் 28, 29 டிகிரி இருக்கு. ஆறு முதல் எட்டு மணி நேரத்துல மாவு பொங்கிடும். அதுக்கு மேல வெளியே இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் புளிப்புதான்.

அளவு: இட்லி அரிசி நாலு கப், முழு உளுந்து ஒரு கப், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. மொத்தம் சுமார் ஒரு கிலோ தானியம், ரெண்டரை கிலோ மாவு, அம்பது இட்லி பக்கம் வரும். கிரைண்டர்ல அரைச்சா இந்த அளவு. மிக்ஸிதான் இருக்குன்னா அரிசியை மூணு கப்பாக் குறைச்சுக்குங்க, ஏன்னா மிக்ஸியில உளுந்து அவ்வளவு காணாது. மிக்ஸியில ஐஸ் தண்ணிதான் ஊத்தணும். பிளேடு சூட்டுல மாவு வெதுவெதுன்னு ஆயிட்டா அரைச்சு முடிக்கும்போதே புளிக்க ஆரம்பிச்சிருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். அரைச்ச மாவை மொத்தமாப் பொங்க வைக்காதீங்க. பாதியை உப்புப் போடாம, பொங்க விடாம, அரைச்ச கையோட நேரா ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க. மத்தப் பாதிய ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு வெளியே வச்சா காலை அஞ்சு மணிக்கு இட்லி ஊத்தலாம். பாத்திரத்துல பாதி மட்டும் நிரப்புங்க, இல்லைன்னா மேடையெல்லாம் மாவாயிடும். உப்பு போட்டா பொங்குறது கொஞ்சம் மெதுவாகும். இங்கே அது நல்லதுதான், அதனால வெளியே வைக்கிற பாதிக்கு ஒன்றரைத் தேக்கரண்டி கல்லுப்பு முன்னாடியே சேர்த்துக் கையால கலக்கிடுங்க. ஃப்ரிட்ஜ்ல தூங்குற பாதியைப் புதன்கிழமை வேலை முடிஞ்சு வந்ததும், ஏழு மணிக்கு, உப்புப் போட்டு வெளியே எடுத்து வைங்க. குளிர் விட்டுப் பொங்க ஒன்பது, பத்து மணி நேரம் எடுக்கும், வியாழன் காலைக்குச் சரியா வரும்.

பொங்கின மாவை இட்லிக்குக் கிண்டாதீங்க, மேலாக அள்ளி ஊத்துங்க. முதல் ரெண்டு நாள் இட்லி. மூணாவது நாள் தோசை. அதுக்கப்புறம் மிஞ்சினா வெங்காயம், பச்சைமிளகாய் நறுக்கிப் போட்டு ஊத்தப்பம், இல்லைன்னா குழிப்பணியாரம். அந்தப் புளிப்பு அதுக்கு நல்லாவே இருக்கும். ஏசி போட்ட படுக்கை அறையில மாவை வச்சிட்டுப் "பொங்கவே இல்லையே"ன்னு கேட்கிறவங்களும் இருக்காங்க. ஏசி இல்லாத அடுப்படியில வைங்க.

நேரமே இல்லாத வாரத்துல பேரங்காடியில விக்கிற மாவு வாங்கிக்கங்க, ஒண்ணும் குறைஞ்சு போகாது. பையைத் தொட்டுப் பாருங்க: காத்தடைச்சுப் பந்து மாதிரி உப்பியிருந்தா அது ஏற்கனவே பொங்கிடுச்சு, அதைத் தோசைக்குன்னு நினைச்சு வாங்குங்க.

---

மூடிபோட்ட டப்பா:

சாம்பார் நுரைத்ததற்குப் பருப்பையோ புளியையோ குறை சொல்ல முடியாது. பெரிய சட்டியில் மத்தியானம் சமைத்து, "ஆறட்டும்" என்று ராத்திரி படுக்கப்போகும்வரை அடுப்பு மேலேயே வைத்திருப்பீர்கள். சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்லும் ஆபத்தான வெப்பநிலை 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டது. கிருமிகள் வேகமாகப் பெருகுவது அந்த இடைவெளியில்தான். நாலு லிட்டர் சாம்பார் நம் வீட்டுக் காற்றில் 60-லிருந்து இறங்கப் பல மணி நேரம் ஆகும். சூடாக இருக்கும் சட்டியை அப்படியே ஃப்ரிட்ஜில் ஏற்றினாலும் நடு ஆறாது, பக்கத்தில் இருக்கும் பாலும் சூடாகும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இறக்கிய உடனே அகலமான பாத்திரங்களில் மூன்று விரல் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாய்த் தண்ணீர் நிரப்பி, இரண்டு தட்டு ஐஸ் கொட்டி, அதில் பாத்திரங்களை உட்கார வைத்து நடுநடுவே கிளறிவிட்டால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். மூடிபோட்டு உடனே ஃப்ரிட்ஜ். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். தாளிப்பு சொன்ன பருப்புக்கும் இதே விதி. ஃப்ரிட்ஜில் வைத்த பருப்பை மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், அதற்கு மேல் வேண்டியது ஃப்ரீசரில் இருக்கட்டும்.

உருளைக்கிழங்கு மணலாவதற்குக் காரணம், உறையும்போது உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி செல் சுவர்களை உடைப்பதுதான். உருகியதும் நீர் தனியே வடிந்து மாவு தனியே நிற்கும். கத்தரிக்காய், வெள்ளரி, சுரைக்காய் எல்லாம் இதே வகை, ஃப்ரீசர் பக்கம் விடாதீர்கள். முருங்கைக்காய், பட்டாணி, பீன்ஸ், கேரட் தாங்கும். பீன்ஸையும் கேரட்டையும் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, ஐஸ் தண்ணீரில் அள்ளிப்போட்டு, துணியில் ஈரம் ஒற்றிய பிறகு உறைய வையுங்கள். ஒற்றாமல் போட்டால் எல்லாம் ஒரே பாறையாக ஒட்டிக்கொள்ளும். தேங்காய்ப்பால் விட்ட குழம்பு உருக்கும்போது திரியும். பால் விடுமுன் உறைய வைத்து, சூடாக்கும் நாளில் பாலைச் சேர்க்கலாம்.

டப்பா விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. காலை ஆறு மணிக்குக் கட்டிய சோற்றைப் பிள்ளை ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டால் ஏழரை மணி நேரம். வெந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் உயிரோடு இருக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ராத்திரி மிஞ்சிய சோற்றைக் காலையில் வதக்கிக் கட்டுவதென்றால், அது ராத்திரியே பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜுக்குள் போயிருக்க வேண்டும். இடைவேளைக்குச் சாப்பிடுவதற்கு இட்லியில் நல்லெண்ணெய் பொடி தடவி, முழுக்க ஆறியபிறகு கட்டுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து இட்லி பிசுபிசுக்கும். தேங்காய்ச் சட்னியை டப்பாவில் அனுப்பவே வேண்டாம், எல்லாவற்றுக்கும் முன்னால் கெடுவது அதுதான். மத்தியானத்துக்குச் சூட்டுக்குடுவை நல்லது, ஆனால் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சோற்றை விளிம்புவரை நிரப்ப வேண்டும். பாதி நிரப்பினால் ஒன்பது மணிக்கே சூடு இறங்கிவிடும். குடுவை இல்லாத நாளில் புளியோதரை கொடுங்கள், புளிப்பும் எண்ணெயும் கொஞ்சம் காக்கும். அதற்காக முந்தின நாள் சோற்றில் கிளறக்கூடாது.

---

சைசிம்:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஒரே வெங்காயத் தக்காளி மசாலாவை ஆறு குழம்புக்குப் போட்டா ஆறும் ஒரே குழம்புதான். பிள்ளைங்களோட புகாரே அதுதானே? வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல அந்தப் பையைத் தொடாதீங்க. மிச்ச நாளுக்கு மசாலாவே வேண்டாத சமையல் நிறைய இருக்கு.

சைசிம், காங்கோங்னு இங்கே விக்கிற கீரைங்க, தண்டுக்கீரை எல்லாம் வதக்க நாலு நிமிஷம். 300 கிராம் சைசிமுக்கு நசுக்கின பூண்டு ஆறு பல், காய்ஞ்ச மிளகாய் ரெண்டு, கடுகு. தண்டை ஒரு நிமிஷம் முன்னாடி போடுங்க, அப்புறம் இலை. மூடாதீங்க, மூடினா பச்சை மங்கித் தண்ணி கோத்துக்கும். காங்கோங்ல நெத்திலி ஒரு பிடி முதல்லயே பொரிச்சுச் சேர்த்தா பிள்ளைங்க கேட்டு வாங்குவாங்க. செவ்வாய், வெள்ளிக்குத் தவுக்குவா (கெட்டியான சோயாக்கட்டி) இருக்கவே இருக்கு: ரெண்டு துண்டை ஒரு அங்குலச் சதுரமா வெட்டி, துணியில நல்லா ஒத்தி, மிளகுத்தூள், மஞ்சள், உப்பு புரட்டித் தோசைக்கல்லுல சிவக்க விடுங்க. ஈரத்தோட போட்டா எண்ணெய் தெறிக்கும், அடி ஒட்டும். தெம்பேயை (நொதிக்க வச்ச சோயாக்கட்டி) மெல்லிசா வாழைக்காய் வறுவல் மாதிரியே செய்யலாம். புளிக்கட்டி ஒண்ணு கரைச்சு ஊத்திப் பத்து நிமிஷம் ஊறவச்சா உள்ளே வரைக்கும் சாரும்.

மீன் எப்பவும் சனி காலை வாங்கி அன்னைக்கே செய்யுங்க. இங்கே 'பாத்தாங்'னு விக்கிறதுதான் நம்ம வஞ்சிரம், 'கெம்போங்' கானாங்கெளுத்தி. வறுக்க வஞ்சிரம், குழம்புக்குக் கானாங்கெளுத்தி, விலையும் கம்மி. திங்கட்கிழமை மீன் வாங்கலாம்னு திட்டம் போடாதீங்க, ஈரச்சந்தையில பல கடை அன்னைக்கு மூடியிருக்கும்.

இன்னொண்ணு. அட்டவணையில ஒரு வேளையை வெளியே உணவங்காடியில சாப்பாடுன்னே எழுதிடுங்க. ஏழு நாளும் வீட்டுச் சமையல்னு எழுதின அட்டவணை ரெண்டாவது வாரமே ஃப்ரிட்ஜ் கதவுலருந்து கீழே விழுந்திடும். கேட்கிறவங்களுக்கு வியாழன் வைக்கலாம், வார நடுவுல சலிப்புத் தட்டுற நாள்.

---

தாளிப்பு:

சைசிம் சொல்வதில் பாதி சரி. மசாலாவை அப்படியே உருக்கிப் போட்டால் எல்லாம் ஒரே ருசிதான். அதனால்தான் தூள் சேர்க்க வேண்டாம் என்றேன். பையைப் போடுமுன் எண்ணெயில் என்ன பொரிகிறது, முடிவில் என்ன சேர்கிறது என்பதில் குழம்பு மாறும். கோழிக்கு: பட்டை, கிராம்பு, சோம்பு பொரித்து, இரண்டு பை மசாலா, மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மல்லித்தூள் இரண்டு மேசைக்கரண்டி, 1 கிலோ கோழி, அரைக் கப் தண்ணீர், குக்கரில் இரண்டு விசில். கோழியே தண்ணீர் விடும், அதற்குமேல் ஊற்றினால் ரசம்தான் கிடைக்கும். கடலைக்கு: சீரகம் மட்டும் பொரித்து ஒரு பை, முடிவில் மாங்காய்த்தூள் அல்லது எலுமிச்சை. முட்டைக்கு: சோம்பும் கறிவேப்பிலையும், ஒரு பை, முடிவில் 100 கிராம் தேங்காயை அரைத்து விட்டு ஒரே கொதி. மூன்றையும் அடுத்தடுத்த நாள் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

---

செங்காங்வாசி:

எல்லாருக்கும் நன்றி. இந்த வாரம் அளவு போட்டுச் செஞ்சு பார்த்தோம். மாவு சரியா வந்துடுச்சு, கல்லுரல் அக்காவுக்குத் தனி நன்றி. மசாலா மட்டும் லேசாக் கசக்குது, என்ன காரணம்? இன்னொண்ணு, மாமியார் "ஃப்ரிட்ஜ்ல வச்சது பழசு"ன்னு தொட மாட்டேங்கிறாங்க.

---

தாளிப்பு:

கசப்பு பெரும்பாலும் பூண்டிலிருந்துதான். வெங்காயம் பழுப்பான பிறகு தீயைக் குறைக்காமல் விழுதைப் போட்டால் அடியில் பிடித்துக் கருகும். சட்டி மெல்லிசாக இருந்தாலும் இதே கதை. விழுது போடும் நேரத்தில் தீயைக் குறைத்து, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து அடியைச் சுரண்டிவிடுங்கள். அடியில் கறுப்பாக ஒட்டியதைச் சுரண்டிக் கலக்காதீர்கள், பழுப்பு மட்டும்தான் சுரண்டத் தக்கது. இப்போது இருக்கும் பைகளை வீணாக்க வேண்டாம், கோழிக்கு வையுங்கள். ஒரு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரையும் கொஞ்சம் கூடுதல் தக்காளியும் போட்டால் தெரியாது.

---

கல்லுரல்:

மாமியாருக்கு நான் சொல்றேன் தங்கச்சி. அவங்க சொல்றதை எதிர்த்துப் பேசாதீங்க. செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் அவங்களுக்கு மட்டும் 50 கிராம் பாசிப்பருப்பு, சின்னக் குக்கர்ல ரெண்டு விசில், பத்து நிமிஷ வேலை. அதுலயே கீரையைப் போட்டுக் கடைஞ்சிடலாம், ஃப்ரிட்ஜ்ல இருந்து எதுவும் வரலை. புளிக்கட்டி மட்டும் அவங்க கண்ணுல படாம ரசத்துல விழுந்திடட்டும்.